புள்ளியும் புதர்க்காடும்

வண்டலூரில் பிரிந்து மண்ணிவாக்கத்தையும் படப்பையையும் கடந்து ஒரகடத்துக்குச் செல்லும் சாலையில் இன்று பிரயாணம் செய்கிறவருக்கு, அரை நூற்றாண்டுக்கு முன்பு இந்தப் பிரதேசம் ஏரியும் புன்செய் மேடும் முட்புதருமாகக் கிடந்தது என்பதை நம்புவது சற்றுக் கடினமாகவே இருக்கும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது முதல், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் ஆலை திறக்கப்பட்டதும், அதனைத் தொடர்ந்து டெய்ம்லர் லாரிகளும் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களும் அங்கேயே உற்பத்தியாகத் தொடங்கியதுமாக, ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட நிலமெல்லாம் மதில்களுக்குள் போய்விட்டது. அம்மதில்களுக்குள் நடக்கும் காரியங்களில் ஒன்று நம் கவனத்துக்கு உரியது. இயந்திரக் கரம் பற்றவைத்த இணைப்புச் செம்மையாக அமைந்திருக்கிறதா, உதிரிப் பாகத்தின்மேல் அச்சிட்ட எண் சரியானதுதானா என்பனவற்றை இப்போது மனிதக் கண் பார்ப்பது குறைந்து, கேமராவின் கண் பார்க்கிறது. அது தான் கண்ட உருவத்தைப் புள்ளி புள்ளியாகப் பிரித்து, முன்பே அறிந்து வைத்திருக்கும் உருவங்களோடு ஒப்பிட்டு, ஏற்கலாம் என்றோ தள்ளலாம் என்றோ தீர்ப்புச் சொல்கிறது. இதனைப் பயிலும் பொறியியல் மாணவர்கள் அயல்நாட்டிலிருந்து அண்மையில் வந்திறங்கிய வித்தையாக இதை எண்ணுவது இயல்பே. ஆனால் அச்சிட்ட தமிழ் எழுத்தைக் கணிப்பொறி இவ்வாறு பார்த்துப் படிக்கும் முறையொன்று 1978-லேயே சர்வதேச ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றில் வெளியாயிற்று என்பதும், அதனை ஆக்கியவர்களுள் முதல்வர் இச்சாலையின் கிழக்கு முனையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், தாம்பரத்தில், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்த ஓர் ஆசிரியர் என்பதும் அம்மாணவர்களுள் பலருக்குத் தெரியாது.

அவர் பெயர் கிஃப்ட் சிரோமணி. 1932-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி பிறந்து, 1988-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் தேதி மறைந்தார். ஐம்பத்தைந்து வயது என்பது ஒரு கல்லூரி ஆசிரியர் பணி ஓய்வைக்கூடக் காணாத வயது. கற்றதெல்லாம் கனிந்து, பல துறைகளில் சேகரித்த செய்திகளை ஒரு பெருநூலாகத் தொகுக்கத் தொடங்கும் வயதென்றும் சொல்லலாம். அத்தகைய பெருநூல் எதையும் அவர் விட்டுச் செல்லவில்லை. சிறு கட்டுரைகளும், பிறரோடு சேர்ந்து எழுதிய நூல்கள் சிலவுமே எஞ்சின. அவற்றின் தலைப்புகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், தமிழ் உரைநடையின் செய்திக் கோட்பாடு, மாமல்லபுரத்துச் சிற்பங்களின் ஆடை அணிகலன்கள், கோலங்களின் இலக்கணம், பிராமி எழுத்து, சிந்துவெளி முத்திரைகள், பறவைகள் என்று ஒன்றோடொன்று ஒட்டாதவை போலத் தோன்றும். இதனால் அவரை நினைவுகூர்வோரில் சிலர், இத்தனை துறைகளில் புகாமல் ஒன்றிலேயே நின்றிருந்தால் இன்னும் எவ்வளவு சாதித்திருப்பார் என்று பரிவோடு சொல்லுவது உண்டு. இந்த அபிப்பிராயம் எனக்கு உடன்பாடன்று. அவர் பல விஷயங்களை ஆராய்ந்தவர் அல்லர். ஒரே விஷயத்தைப் பல இடங்களில் தேடியவர். அவர் தேடிய இடங்கள் பெரும்பாலும் வீட்டுக்கும் வகுப்பறைக்கும் வெளியே, ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்துக்குள் இருந்தன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்த ஒருமை புலப்படும்.

முதலில் அந்த நிலத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற வேண்டும். சென்னை நகரின் நெருக்கமான பாரிமுனைப் பகுதியில் ஒரு நூற்றாண்டுக் காலம் வளர்ந்த கிறித்துவக் கல்லூரி, 1937-இல் தாம்பரத்தை அடுத்த சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. சுமார் முந்நூற்று அறுபது ஏக்கர் பரப்பு. அக்காலத்தில் அது பிறர் கண்ணுக்கு வெறும் முட்காடு. களாவும் காரையும் சூரையும் காசாவும் காட்டெலுமிச்சையும் அடர்ந்த இத்தகைய புதர்க்காடு சோழமண்டலக் கரைக்கே விசேஷமானது. மழை குறைந்தாலும் இலையுதிராத இயல்பு வாய்ந்த வறண்ட பசுங்காட்டின் குறுகிய வடிவம் அது. விறகுக்கும் ஆட்டுக்கும் ஆனதைத் தவிர இதற்கு வேறு பிரயோஜனம் இல்லையென்றே ஊராரும் சர்க்காரும் கருதினர். இக்காட்டை வெட்டித் தள்ளிப் புல்வெளியும் பூந்தோட்டமும் ஆக்காமல், அதன் பெரும்பகுதியைக் காடாகவே விட்டு, இடையிடையே மரங்களை நட்டு வளர்த்த பெருமையில் எட்வர்ட் பார்ன்ஸ் என்ற ரசாயனப் பேராசிரியருக்குப் பெரும் பங்கு உண்டு.

பார்ன்ஸும் அகாலத்தில் மறைந்தவரே. 1892-இல் பிறந்த அவர் 1941-இல், ஐம்பதைத் தொடாமலே, கல்லூரி புது இடத்துக்கு வந்து நான்கே ஆண்டுகள் கழிந்த நிலையில் இறந்தார். சோதனைக்குழாயோடு பழகிய அவருக்கு மனம் லயித்த இடம் மலைச்சரிவுகள். நாகம் படமெடுத்தாற்போல் மடல் கவிந்து நிற்கும் அரிசீமா என்னும் செடியினத்தை நீலகிரியில் அவர் ஆராய்ந்து எழுதினார். இந்தச் செடியின் ஜீவிதம் மிக விசித்திரமானது. இதன் இனங்கள் பலவற்றில், கிழங்கு சிறிதாய் இருக்கும் வருஷங்களில் செடி ஆண் பூக்களை மட்டும் பூக்கும். கிழங்கு பருத்து வலுவடைந்தபின் அதே செடி பெண் பூக்களைப் பூக்கும். ஏதோ காரணத்தால் மெலிந்தால் மறுபடியும் ஆணாகிவிடும். மணத்தால் இழுக்கப்பட்டு மடலுக்குள் இறங்கும் சிறு பூச்சிகள் ஆண் மடலின் அடியிலுள்ள சிறு திறப்பு வழியாக மகரந்தத்தோடு தப்பிவிடுகின்றன; பெண் மடலில் அத்திறப்பு இல்லாமையால் மகரந்தத்தை உதறிவிட்டு உள்ளேயே மடிகின்றன. இவற்றையெல்லாம் உலர்த்தி ஒட்டிய மாதிரிகளைக் கொண்டு அறிய முடியாது. ஒரே செடியை ஆண்டுதோறும் போய்ப் பார்க்க வேண்டும். கேம்பிள் தொடங்கி, அவர் மறைவுக்குப்பின் ஃபிஷர் நிறைவு செய்த சென்னை மாகாணத் தாவர நூல் அப்போது முடியும் தறுவாயில் இருந்தது. அந்த ஃபிஷரே இவ்வினத்துள் ஒன்றுக்குப் பார்ன்ஸின் பெயரை இட்டார். தாவரவியலாளர் ஒருவர் ஒரு ரசாயன ஆசிரியருக்குச் செய்த இந்த மரியாதையை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

சிரோமணி பார்ன்ஸிடம் பயின்றவர் அல்லர். பார்ன்ஸ் இறந்தபோது அவர் ஒன்பது வயதுப் பிள்ளை. ஆயினும் பார்ன்ஸ் விட்டுச் சென்ற காட்டில் மாணவராக நடந்து, அங்கேயே ஆசிரியராகித் தம் ஆயுளைக் கழித்தவர். புள்ளிமான் மேயும் காட்டுப் பாதையில் வகுப்புக்குப் போகிற ஒருவர் பறவைகளைக் கவனிக்கத் தொடங்குவது அதிசயமன்று. பறவையைக் கவனிக்கிறவர், அழகாயிருக்கிறது என்பதோடு நிற்காமல், எத்தனை, எந்த மாதத்தில், எந்த மரத்தில் என்று குறித்துக்கொள்ளத் தலைப்படுவதுதான் விசேஷம். அந்தப் பழக்கமே அவருடைய மற்ற ஆராய்ச்சிகள் அனைத்துக்கும் அடிப்படையாயிற்று என்பது என் கருத்து.

1963-இல் அவர் வெளியிட்ட முக்கியமான கட்டுரை தமிழ் உரைநடையின் ‘என்ட்ரோபி’யைப் பற்றியது. ஒரு மொழியில் எழுதும்போது அடுத்து வரும் எழுத்தை எவ்வளவு தூரம் முன்கூட்டி ஊகிக்க முடியும், எவ்வளவு தூரம் முடியாது என்பதை அளக்கும் கணக்கு அது. கிளாட் ஷானன் என்ற அமெரிக்கர் 1948-இல் வகுத்து, பின்பு ஆங்கிலத்துக்குப் பிரயோகித்துக் காட்டியது. இருபத்தாறு எழுத்துக்கு வகுத்த முறையை இருநூற்று நாற்பத்தேழு எழுத்துள்ள மொழிக்கு எப்படிப் பொருத்துவது என்பது வெறும் பெருக்கல் சங்கதியன்று. இக்கட்டுரையை இங்கே விரிப்பதற்கில்லை. எழுத்துகளை ஒன்றொன்றாக எண்ணுவதில் அவருக்கிருந்த பொறுமையைச் சுட்டிக்காட்டினால் போதும்.

அதே பொறுமையோடு மாமல்லபுரத்துக்குப் போனார். அங்குள்ள குகைகளும் ரதங்களும் எந்தப் பல்லவ மன்னன் காலத்தவை என்ற விவாதம் அப்போது உக்கிரமாக நடந்துகொண்டிருந்தது. மகேந்திரன், மாமல்லன், இராசசிம்மன் என்று தலைமுறை தலைமுறையாக வளர்ந்தவை என்று பெரும்பாலோர் கருதிவந்தனர். இரா. நாகசாமி 1960-களின் தொடக்கத்தில், அவை யாவும் இராசசிம்மன் ஒருவன் காலத்தவையே என்று எழுதிப் பெரும் பரபரப்பை உண்டாக்கினார். கல்வெட்டும் சிற்ப அமைதியும் ரசனையும் கொண்டு வாதிட்ட அந்தச் சபையில் சிரோமணி ஒரு புள்ளியியல் ஆசிரியராக நுழைந்தார். சிற்பத்தில் உள்ள ஆடவர் இடுப்பில் என்ன உடுத்தியிருக்கின்றனர்? காதில் அணிந்தது எந்த வகைக் குழை? இரு காதுகளிலும் ஒரே வகையா, வெவ்வேறா? பூணூல் வலக்கையின் மேலாகப் போகிறதா, கீழாகப் போகிறதா? மகளிரின் கச்சு எவ்விடத்தில் உண்டு, எவ்விடத்தில் இல்லை? இவற்றை ஒவ்வோர் உருவமாகப் பார்த்துக் குறித்து, ஒரு கோயிலின் வழக்கத்தை மற்றொன்றின் வழக்கத்தோடு ஒப்பிட்டார். மாமல்லபுரத்து ஆடை அணிகலன் பற்றிய அவர் கட்டுரை 1970-இல் கல்லூரிப் பத்திரிகையில் வெளிவந்தது. பின்னர், தத்துவம் கற்பித்த மைக்கேல் லாக்வுட், தாவரவியல் கற்பித்த பி. தயானந்தன் ஆகியோரோடு சேர்ந்து 1974-இல் மாமல்லபுர ஆய்வுகள் என்ற நூலையும் வெளியிட்டார். ஒரு தத்துவ ஆசிரியரும் ஒரு தாவர ஆசிரியரும் ஒரு புள்ளியியல் ஆசிரியரும் கடற்கரைப் பாறையின் முன்னே நின்று பூணூலின் போக்கைப் பற்றி விவாதிக்கும் காட்சியை எண்ணும்போது, நம் கல்லூரிகளில் துறைக்குத் துறை எழுப்பியிருக்கும் சுவர்கள் எவ்வளவு பிற்காலத்தவை என்று தோன்றுகிறது.

அவருக்கு உலகப் புகழ் தேடித் தந்தது வாசற்கோலம். 1950-களில் நோம் சோம்ஸ்கி, சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பிரயோகித்து முடிவில்லாத வாக்கியங்களை ஆக்கலாம் என்று காட்டி, மொழியிலக்கணத்தைக் கணிதமாக்கினார். அவ்விதிகள் சொற்களை இடமிருந்து வலமாக ஒரு கோட்டில் அடுக்குபவை. சித்திரமோ நீளம், அகலம் இரண்டும் உடையது. வரிசையும் நிரலுமாக அமைந்த சித்திரங்களுக்கு எவ்வாறு இலக்கணம் வகுப்பது என்ற கேள்வியைச் சிரோமணியும், அவருடைய மனைவியாரும் சிறந்த கணித அறிஞருமான ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும் எடுத்துக்கொண்டனர். 1972-இலும் 1974-இலும் வெளியான அவர்களுடைய கட்டுரைகள் கோலத்தைக் கணிப்பொறி இயலின் விஷயமாக்கின. வரிசையும் நிரலுமான அணிக்கு அவர்கள் வகுத்த இந்த ‘அணி இலக்கணம்’ இன்றும் அத்துறையில் சிரோமணி என்ற பெயராலேயே வழங்குகிறது. ஏறக்குறைய அதே காலத்தில் லிண்டன்மேயர் என்ற தாவரவியலாளர், பாசியும் செடியும் கிளைத்து வளர்வதை விவரிக்க 1968-இல் வேறொரு விதிமுறையைக் கண்டிருந்தார். செடிக்கென்று பிறந்த அந்த விதிகளைக் கொண்டே கிருஷ்ணன் சிலம்பு போன்ற, படிப்படியாகப் பெரிதாகும் கோலங்களை வரையலாம் என்பது பிற்பாடு அயல்நாட்டு அறிஞர்களால் காட்டப்பட்டது. ஒரே இலக்கணத்துக்குள் செடியும் கோலமும் அடங்குவது இரண்டையும் காலையில் வாசலில் கண்ட ஒருவருக்கு அவ்வளவு ஆச்சரியமாக இருந்திராது.

இலக்கணம் வகுத்ததோடு அவர் நின்றுவிடவில்லை. கோலம் போடும் பெண்களிடமே போய், அவர்கள் எப்படி நினைவில் வைக்கிறார்கள், எப்படிப் போடுகிறார்கள் என்று ஆராய்ந்தார். எழுத்தறியாத பெண்களும் மிகச் சிக்கலான கம்பிக் கோலங்களை மனத்திலிருந்து பிழையின்றிப் போட்டனர். அவர்கள் கோலத்தை முழுச் சித்திரமாக ஞாபகம் வைக்கவில்லை. இந்தப் புள்ளியைச் சுற்றி வா, அடுத்ததைக் கடந்து போ, திரும்பு என்று கையின் நடையாகவே வைத்திருந்தனர். விதிகளின் வரிசை என்று கணித சாஸ்திரி காகிதத்தில் எழுதியது, அவர்கள் விரலில் ஏற்கெனவே இருந்தது. தம் சித்தாந்தம் சரியா என்று சோதிக்க ஒரு கணித ஆசிரியர் அரிசி மாவுக் கிண்ணத்தை நோக்கிப் போனது, அக்காலக் கல்லூரி உலகத்தில் சாமானியமான காரியம் அன்று.

மேலே குறிப்பிட்ட 1978-ஆம் ஆண்டுக் கட்டுரையையும் இப்பின்னணியில் வைத்தே படிக்க வேண்டும். அச்செழுத்து ஒன்றைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, முதலில் வரிசை வரிசையாகவும் பிறகு நிரல் நிரலாகவும் பார்த்துக்கொண்டு போய், எங்கே மை தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் குறிச்சரமாக மாற்றி, முன்பே தொகுத்து வைத்த அகராதியோடு ஒப்பிடுவது அதன் முறை. புள்ளி வைத்து, வரிசை பார்த்து, நிரல் பார்த்துப் போகிற இந்தப் பார்வை கோல ஆராய்ச்சியில் பழகிய பார்வையே. அது பின்னர்ப் பழைய பிராமி எழுத்துக்கும் சென்றது. 1980-இல் கோவிந்தராஜு, சந்திரசேகரன் ஆகிய சகாக்களோடு சேர்ந்து, திருக்குறளைப் பண்டை எழுத்து வடிவங்களில் காட்டும் நூலொன்றையும் வெளியிட்டார். சிந்துவெளி முத்திரைகளைத் தொகுதிகளாகப் பிரித்த முயற்சியும் உண்டு. படித்துவிட்டேன் என்று வாரந்தோறும் யாராவது ஒருவர் முழங்கும் அந்தத் துறையில், படிக்காமல் எண்ணுவதோடு நின்ற அடக்கம் ஒன்றே அதற்குச் சிறப்பு.

சிரோமணி தேடியதுபோல ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்துக்குள் பார்க்கத் தக்கவை இப்பிரதேசத்தில் இன்னும் உண்டு. பல்லாவரத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கற்கருவியைக் குனிந்து எடுத்ததிலிருந்துதான் இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி பிறந்தது. ஸ்ரீபெரும்புதூரின் பெயரையே தாங்கிய பாறைப் படிவில் பன்னிரண்டு கோடி ஆண்டுகள் அளவுக்கு முற்பட்ட செடிகளின் இலைகள் அச்சாகப் பதிந்திருக்கின்றன. இராமாநுசர் அவதரித்த ஊர் என்பதையும் கார்கள் பிறக்கும் ஊர் என்பதையும் அறிந்த அவ்வூர்ப் பிள்ளைகளுள் எத்தனை பேர் இந்த மூன்றாவது செய்தியைப் பள்ளியில் கேட்டிருப்பார்கள்? இந்தத் தொழிற்பிரதேசத்தில் கல்வி நிலையங்களுக்குக் குறைவில்லை. சாலையின் இரு மருங்கிலும் பொறியியல் கல்லூரிகள் நிற்கின்றன. பயிற்சிக் கூடங்களும் உண்டு. ஆயினும் அங்கே மாணவர் வெளியே போவதென்றால் ஆலையைப் பார்த்து வருவதாக மட்டுமே இருக்கிறது. ஆலையைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பார்த்துவிட்டு வரும் வழியில் தொழிலாளர் குடியிருக்கும் வாடகை வீட்டு வாசலில் காலையில் போட்ட சிக்குக் கோலம் பாதி அழிந்து கிடக்கும்; அதையும் ஆசிரியர் நின்று காட்டலாம். வரிசைக்கு நான்காக மூன்று வரிசை புள்ளி வைத்து, இடையில் தடையின்றிக் கம்பியைப் பின்னிக்கொண்டே போனால், ஒரே கம்பியாகச் சுற்றி ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேரும். வரிசைக்கு நான்காக நான்கு வரிசை வைத்தால் ஒரு கம்பியில் முடியாது. நான்கு தனித்தனிக் கம்பிகள் வேண்டும். ஆறுக்கு நான்கு என்றால் இரண்டு. வரிசை எண்ணுக்கும் நிரல் எண்ணுக்கும் உள்ள மீப்பெரு பொதுக்காரணி எதுவோ அத்தனை கம்பிகள். ஐந்தாம் வகுப்பில் வெறும் வாய்பாடாகக் கற்று மறந்த ஒரு கணக்கு தெருவில் மாவாகக் கிடக்கிறது என்று காட்டுவதற்குப் பரிசோதனைக்கூடமோ மானியமோ அவசியமில்லை. ஆனால் தெருவில் நின்று குனிந்து பார்ப்பதற்குக் கூச்சப்படாத ஆசிரியர் அவசியம்.

அப்படிப்பட்ட ஆசிரியர்கள் அரியர் என்பதால் அவர்களுடைய அகால மரணம் மற்றவர் மரணத்தைவிட அதிக நஷ்டம் விளைவிக்கிறது. நூல் எழுதிய அறிஞர் மறைந்தால் நூலாவது நிற்கும். மாணவரை உடன் அழைத்துப் போய்க் காட்டிய ஆசிரியரோ, தாம் காட்டியதில் பெரும்பகுதியை எங்கும் எழுதி வைப்பதில்லை. பார்ன்ஸின் விஷயத்தில் அவர் பேணிய காடு ஓரளவு எழுத்தின் ஸ்தானத்தை வகித்தது. கல்லூரி அதை இதுவரை காப்பாற்றி வந்திருப்பதால், நகரம் நாற்புறமும் நெருங்கிவிட்ட பின்னும் பழைய செங்கற்பட்டுச் சீமையின் புதர்க்காடு எப்படியிருந்தது என்பதை அங்கே கண்ணால் காணலாம். கல்லூரியின் தாவரவியலாளர் லிவிங்ஸ்டன், ஹென்றி என்பவரோடு சேர்ந்து 1994-இல் வெளியிட்ட சென்னைச் சுற்றுப்புறப் பூக்கும் தாவரங்களின் நூல், 1929-இல் அதே பொருள் பற்றி மயூரநாதன் என்பவர் எழுதிய நூலோடு ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பளிக்கிறது. இடைப்பட்ட அறுபத்தைந்து ஆண்டுகளில் எது வந்தது, எது போயிற்று என்று இரண்டையும் அருகருகே வைத்து எண்ணலாம். ஒரகடத்து மேடுகளுக்கு அத்தகைய பழைய பட்டியல் ஒன்று கையில் இருந்திருக்குமானால், ஆலை கட்டுவோருக்கும் அது பயன்பட்டிருக்கும்.

சிரோமணியின் விஷயத்தில் அந்த ஸ்தானத்தைக் குடும்பமும் மாணவரும் வகித்தனர். அவரும் ராணி சிரோமணியும் சேர்ந்து எழுதிய கட்டுரையொன்று 1987-இல் வெளியாயிற்று. ரோசன்ஃபெல்ட் என்ற அமெரிக்க அறிஞர் சுழற்சி இலக்கணம் என ஒன்றை வகுத்திருந்தார்; தொடக்கமும் முடிவும் இல்லாது வளையமாக மூடிய கோடுகளுக்கு உரிய விதிகள் அவை. அவ்விதிகளை ஒரே கம்பியால் ஆகிய கோலங்களுக்குப் பொருத்திக் காட்டுவது அக்கட்டுரையின் நோக்கம். அடுத்த மார்ச்சில் அவர் காலமானார். ராணி சிரோமணி அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, சித்திர இலக்கணத்தோடு மறைகுறியீட்டியலிலும் மரபணு மூலக்கூறுகளைக் கொண்டு கணிக்கும் முறையிலும் ஆராய்ச்சி செய்து, பலரை அத்துறைகளுக்கு ஆளாக்கி, 2019-இல் மறைந்தார். இருவரும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து வகுத்த அணி இலக்கணத்தை வைத்துக்கொண்டு, அதில் எவ்வகைச் சித்திரங்கள் அடங்கும், எவை அடங்கா என்று ஆராயும் கட்டுரைகள் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.